பெரிய நாள் பிஸ்கோத்து



கொல்கத்தாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தார்க்கு முதல் மார்கழி சற்று வெறுமையாகவே கழியும். வைகறையில் எழுந்து நீர் தெளித்துக் கோலமிட வாயில் இராது. மாடிப்படியின் திருப்பத்தில் ஒரு முழ இடமே இருக்கும். லேக் மார்க்கெட் பக்கம் வீடு அமைந்தவர்கள் பாக்கியசாலிகள். அங்கே திருப்பாவையும் செவியில் விழும். வெண்பொங்கலின் மிளகு மணமும் மூக்கில் ஏறும். எங்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அலுவலகத்திற்கு அருகில் இருக்க வேண்டுமென்று ரிப்பன் தெருவை அடுத்த ஒரு சந்தில், பழைய கட்டடமொன்றின் இரண்டாம் மாடியில் குடிபுகுந்தோம். மார்கழி அங்கும் வந்தது. ஆனால் வேறொரு மணத்தோடு வந்தது. விறகுப் புகை, உருகும் வெண்ணெய், சற்றே கருகிய சர்க்கரை, இவை எல்லாவற்றுக்கும் மேலாகச் சாதிக்காய். அருகிலிருக்கும் தால்தலாப் பகுதியின் ரொட்டிக் கிடங்குகளிலிருந்து அம்மணம் விடியுமுன்பே கிளம்பிச் சந்தெல்லாம் நிறைந்துவிடும்.

இந்நகரின் பெயரை 2001-ஆம் ஆண்டிலேயே கொல்கத்தா என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டு மூத்தோர்க்கு இன்னும் அது கல்கத்தாதான். இப்பேச்சில் இரு பெயரும் மாறி மாறி வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

வங்காளிகள் கிறிஸ்து பிறந்த நாளைப் ‘பொரோதின்’ என்பர். பெரிய நாள் என்பது அதன் பொருள். அந்நாளையொட்டிப் பகற்பொழுது நீளத் தொடங்குவதால் இப்பெயர் வந்தது என்று விளக்கம் கூறுவோரும் உண்டு. காரணம் எதுவாயினும், அன்று கேக் வாங்காத வங்காளி வீடு அரிது. எந்தச் சமயத்தார் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. நமக்குப் பொங்கலுக்குக் கரும்பு எப்படியோ, அவர்களுக்குப் பெரிய நாளுக்குக் கேக் அப்படி. 2011-ஆம் ஆண்டு முதல் பார்க் தெருவில் விளக்கலங்காரத்தோடு பெருவிழாவாகவும் இது கொண்டாடப்பட்டு வருகிறது.

ஆனால் இன்று நாம் பேச வந்தது கேக்கைப் பற்றி அன்று. ஒரு பிஸ்கோத்தைப் பற்றி. எக்நாக் என்னும் பானத்தின் சுவை அமையச் சுட்டு, மேலே வெண்சர்க்கரைப் பூச்சிட்ட பிஸ்கோத்து அது. மேனாட்டுப் பண்டம் ஒன்றுக்கு இத்தனை நேரமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். டெல்லியிலும் மும்பையிலும் ஜாம்ஷெட்பூரிலும் பிலாயிலும் வாழும் நம் வீட்டுக் கதவை அயலார் ஒரு தட்டுத் தின்பண்டத்தோடு தட்டுகின்றனர் அல்லவா? அவ்வேளையில் நாம் செய்வது என்ன என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது பெருமைக்குரியதன்று. அதையும் சொல்லிவிடுகிறோம்.

எதிர்வீட்டில் இருப்பவர் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மையார். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரின் துணைவி. எங்களினும் இருபது வயது மூத்தவர். குழந்தைகள் அவரை ஆன்ட்டி என்று அழைத்தனர். நாளடைவில் நாங்களும் அவ்வாறே அழைக்கலானோம். தீபாவளியன்று தேன்குழலும் ரவாலாடுவும் எங்கள் வீட்டிலிருந்து அங்குப் போகும். டிசம்பர் 24-ஆம் நாள் மாலையில் ஆன்ட்டி ஒரு தகர டப்பாவோடு வந்து நிற்பார். உள்ளே நட்சத்திர வடிவப் பிஸ்கோத்துகள் இருக்கும். மேலே வெள்ளைப் பூச்சு. அதன்மேல் பழுப்பு நிறத்தில் சிறிது தூவல். நாங்கள் இரு கைகளாலும் வாங்கிக்கொள்வோம். கதவு சாத்தப்பட்டதும் டப்பா அப்படியே எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் கைக்குப் போய்விடும். முட்டை சேர்ந்த பண்டம் எங்கள் வீட்டில் புழங்குவதில்லை. அப்போது மாமியாரும் உடன் இருந்தார். பொங்கல் கழிந்ததும் டப்பாவைக் கழுவித் துடைத்து, சர்க்கரைப் பொங்கலோடு திருப்பிக் கொடுப்போம். பிஸ்கோத்து எப்படி இருந்தது என்று ஆன்ட்டி கேட்பார். மிக நன்றாக இருந்தது என்போம்.

ஏழாண்டுக் காலம் இவ்வாறே நடந்தது. அதைப் பொய்யென்று நாங்கள் கருதவில்லை. மரியாதை என்றே கருதினோம். இரண்டாம் ஆண்டு முதல் டப்பா சற்றுப் பெரிதாகிவிட்டதையும் கவனித்தோம். நட்பு முதிர்ந்ததன் அடையாளம் என்று எண்ணிக்கொண்டோம்.

எக்நாக் என்பது யாது என்று கேட்பீர்கள். பால், பாலேடு, முட்டை, சர்க்கரை ஆகியவற்றை நுரைபொங்க அடித்து, ரம்மோ பிராந்தியோ வார்த்து, சாதிக்காயை உரசித் தூவி, குளிர்காலத்தில் பருகும் பானம் அது. சுடுபாலில் மதுவைக் கலந்து பருகும் வழக்கம் இங்கிலாந்தில் இடைக்காலத்திலேயே இருந்தது. அதன் வழிவந்ததே இது என்பர். பின்னர் அமெரிக்காவுக்குக் குடிபோய் அங்கே வேரூன்றிவிட்டது. 1826-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு, வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி மாணவர்கள் தடையை மீறி இப்பானத்தைக் குடித்துவிட்டுச் சன்னல்களை உடைத்துக் கலகம் விளைத்தனர். பலர் கல்லூரியைவிட்டே நீக்கப்பட்டனர். எக்நாக் கலகம் என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். குடிப்பதற்குப் பதிலாக இதே பொருள்களை மாவில் சேர்த்துச் சுட்டால் கலகத்துக்கு இடமில்லை, பிஸ்கோத்து கிடைக்கும்.

கல்கத்தா ஆங்கிலோ இந்தியர் இல்லங்களில் இப்பானத்தைவிட வீட்டிலேயே தயாரிக்கும் இஞ்சி ஒயினுக்குத்தான் செல்வாக்கு. பிறகு எதிர்வீட்டுக்கு இப்பிஸ்கோத்து எவ்வாறு வந்தது? ஆன்ட்டியின் மகள் மணமாகிக் கனடாவுக்குச் சென்றுவிட்டார். அங்கே கற்றுக்கொண்டதைக் கடிதத்தில் எழுதித் தாய்க்கு அனுப்பினார். மகள் வீட்டில் செய்வதை அதே நாளில் தாமும் செய்வது ஆன்ட்டிக்கு ஓர் ஆறுதல். இச்செய்தி எங்களுக்குப் பின்னர்தான் தெரிந்தது.

இதில் சாதிக்காய் ஒன்று மட்டும் நமக்கு அயலானதன்று. கைக்குழந்தைக்கு உரைமருந்து உரைத்துக் கொடுத்த தாய்மார் எல்லோரும் அதை அறிவர். இந்தோனேசியாவின் பாண்டா தீவுகள் அதன் பிறப்பிடம். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இந்தக் கொட்டைக்காக ஒருவரை ஒருவர் கடலில் துரத்தினர். 1667-ஆம் ஆண்டு பிரேடா உடன்படிக்கையின்படி, சாதிக்காய் விளையும் ரன் என்னும் சிறுதீவு ஒல்லாந்தரிடம் நின்றது. மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடம் நின்றது. இன்றைய நியூயார்க் மாநகரின் நடுப்பகுதியை ஒரு தட்டில் வைத்து, சாதிக்காய்த் தீவை மறு தட்டில் வைத்த தராசு அது! பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நம் குற்றாலத்திலேயே சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தனர். ஆகவே ஆன்ட்டியின் பிஸ்கோத்தின்மேல் தூவியிருந்தது எங்கிருந்தோ வந்த விந்தைப் பொருளன்று. எங்கள் அஞ்சறைப் பெட்டியிலும் உறங்கிக் கிடந்ததே. மூக்கு அதனை முதல் ஆண்டிலேயே அறிந்துகொண்டது. வாய்தான் மறுத்துவிட்டது.

கல்கத்தாவின் பேக்கரிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இவ்வூர்க்காரர்கள் தங்கள் ஆற்றைப் பற்றிப் பேசுவதைவிட அவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். டேவிட் வில்சன் என்ற ஆங்கிலேயர் இங்கு ரொட்டிக்கடை வைத்திருந்தார். 1840-ஆம் ஆண்டையொட்டி அவர் தொடங்கிய விடுதியே பின்னாளில் கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டல் எனப் புகழ்பெற்றது. நியூ மார்க்கெட் எனப்படும் பெருஞ்சந்தை 1874-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. அச்சந்தைக்குள் இருக்கும் நஹூம் கடை, பாக்தாத்திலிருந்து வந்த யூதர் ஒருவர் 1902-ஆம் ஆண்டு தொடங்கிய தொழிலின் தொடர்ச்சி. ஒரு காலத்தில் இந்நகரில் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த யூதர்கள் இப்போது விரல்விட்டு எண்ணத்தக்க அளவினரே. எனினும் கடை நிலைத்திருக்கிறது; டிசம்பரில் அதன் முன்னே நிற்கும் வரிசை சந்தைக்குள்ளேயே வளைந்து வளைந்து செல்லும். யூதர் கடையில் இஸ்லாமியத் தொழிலாளர் சுட்ட கேக்கைக் கிறிஸ்தவர் திருநாளுக்காக இந்துக்கள் வரிசையில் நின்று வாங்குகின்றனர் என்று எல்லாரும் எழுதியாகிவிட்டது. நாமும் எழுத வேண்டியதில்லை. பார்க் தெருவில் சுவிட்சர்லாந்து நாட்டுத் தம்பதியர் 1927-இல் திறந்த ஃப்ளூரீஸ் உண்டு. கோவாக் குடும்பம் ஒன்று 1930-இல் தொடங்கிய சல்டானா பேக்கரி உண்டு. போ பாரக்ஸ் என்னும் செங்கல் குடியிருப்பின் அருகே பருவா கடையில் பாலைத் திரித்தெடுத்த சேனாவினால் கேக் செய்கின்றனர். ரசகுல்லாவுக்கு உரிய சேனாவைக் கேக்கிலும் இட்ட துணிவு வங்காளத்துக்கே உரியது.

இவை யாவும் பெயர்ப்பலகை உள்ள கடைகள். தால்தலாவின் சந்துகளிலுள்ள கிடங்குகளோ வேறு வகையின. ஆண்டு முழுவதும் அவை பாவ்ருட்டி எனப்படும் ரொட்டி சுடுகின்றன. அந்தப் ‘பாவ்’ போர்த்துக்கீசியர் தந்த சொல். நம் ‘பிஸ்கோத்து’ம் அவர்கள் வழியே வந்ததுதான். டிசம்பர் நடுவில் அக்கிடங்குகளின் முன்னே குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து சேர்வர். மைதாவும் வெண்ணெயும் சர்க்கரையும் முட்டையும், ரம்மில் ஊறிய பழக் கலவையும் அவரவர் வீட்டுப் பொருள். அடுப்பும் ஆளும் கிடங்கின்பால். மேஸ்திரி பெரிய தொட்டியில் கையாலேயே பிசைந்து, அச்சுகளில் ஊற்றி, செங்கல் அடுப்பினுள் செலுத்திக் கூலி பெற்றுக்கொள்வார். தம் பொருளில் ஒரு கரண்டியும் குறையாதபடி வீட்டுக்காரர் அருகிலேயே முக்காலியிட்டு அமர்ந்திருப்பார். நம்மூரில் மாவு மில்லின் முன்னே தூக்குவாளியோடு காத்திருக்கும் காட்சியே நினைவுக்கு வரும்.

எட்டாம் ஆண்டு, நவம்பர் இறுதியில் ஒருநாள், ஆன்ட்டி வெறுங்கையோடு வந்தார். அவருடைய கணவர் அவ்வாண்டு கோடையில் காலமாகிவிட்டார். மகன் ஆஸ்திரேலியாவில், மகள் கனடாவில். பழம் நறுக்கக் கை போதவில்லை. ஒரு மாலைப்பொழுது வந்து உதவ முடியுமா என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். மறுக்க நாவு எழவில்லை.

அன்று மாலை அவர் வீட்டு மேசையில் நாங்கள் கண்டவற்றுள் பாதி எங்களுக்குத் தெரிந்த பொருள்கள். ஆரஞ்சுத் தோலும் உலர்ந்த திராட்சையும் முந்திரியும் ஒருபுறம். மறுபுறம் பளிங்குபோல் சர்க்கரையில் பாகேறிய முரப்பாத் துண்டுகள். அது வெண்பூசணி. கலியாண வீட்டில் காசி அல்வா ஆகுமே, அதே காய். அலமாரியில் ஓர் இரும்பு அச்சு தொங்கியது. நீண்ட காம்பும் பூவிதழ் வளைவும் உடையது. ரோஸ் குக்கி அச்சு என்றார் ஆன்ட்டி. அச்சு முறுக்கு என்றோம் நாங்கள். அவர்கள் மாவில் முட்டை சேர்ப்பார்கள், எங்கள் வீட்டில் தேங்காய்ப்பாலோடு நிறுத்திக்கொள்வோம். எண்ணெயில் விரியும் பூ ஒன்றுதான். சோழி வடிவில் சுருட்டிப் பொரிக்கும் கல்கல் என்னும் பண்டத்தைக் காட்டினார். எங்கள் கலகலா அதற்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லிச் சிரித்தோம்.

முட்டைக் கூடையை மேசைக்குக் கொண்டுவந்தபோது எங்கள் முகம் மாறியிருக்க வேண்டும். ஆன்ட்டி அதனை இயல்பாகத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் தோலை நறுக்குங்கள், போதும்,” என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டோம். அவர் வியப்போடு நிமிர்ந்து பார்த்தார். “உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள்தானே என் வீட்டிலும் துலக்குகிறாள்? முதல் ஆண்டே சொல்லிவிட்டாள். அவளுக்கு மூன்று குழந்தைகள் அல்லவா, அதனால்தான் மறு ஆண்டு பெரிய டப்பாவாக எடுத்தேன்.”

அவ்வளவுதான். குறை கூறும் தொனி அவர் குரலில் இல்லை. கத்தி மட்டும் எங்கள் கையில் சிறிது நேரம் நகரவில்லை. ஏழாண்டுகளாக ‘மிக நன்றாக இருந்தது’ என்று நாங்கள் சொன்னதை அவர் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எண்ணினோம். இன்றுவரை எண்ணுகிறோம்.

மறுவாரம் தால்தலாக் கிடங்குக்கும் உடன் சென்றோம். விறகெரித்துச் செங்கல்லைக் காய்ச்சி, தணலை ஒதுக்கி, தரையைத் துடைத்த பின்னரே அடுப்பில் பண்டம் புகும். சூடு பார்க்க மேஸ்திரியிடம் கருவி ஒன்றும் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தை உள்ளே எறிந்தார். அது உடனே கருகினால் ரொட்டிக்குரிய சூடு. மெல்லப் பழுத்தால் கேக்குக்கும் பிஸ்கோத்துக்கும் உரிய சூடு. நம் வீட்டுப் பாட்டிமார் எண்ணெயில் ஒரு பொட்டு மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன? இத்தகைய விறகடுப்புகள் வரவரக் குறைந்து வருகின்றன. மின்சார அடுப்பு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. தொழிலாளர் பிள்ளைகள் அந்த அனலின் முன் நிற்க விரும்புவதில்லை. விரும்பவேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவ்வாண்டு தீர்மானித்தோம்: டப்பா எங்கள் வீட்டிலிருந்தும் போக வேண்டும், முட்டையின்றி அதே பிஸ்கோத்தைச் சுட வேண்டும். தீர்மானம் எளிது. முதற்சூட்டில் செய்முறையிலிருந்து முட்டையை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றை அப்படியே சேர்த்தோம். எடுக்கும்போதே உதிர்ந்து விபூதியாகிவிட்டது. மஞ்சட்கரு மாவுக்கு ஈரம் தருகிறது. தன்னிலுள்ள லெசித்தின் என்னும் பொருளால் நீரையும் வெண்ணெயையும் பிணைத்தும் வைக்கிறது. அதை எடுத்துவிட்டு அவ்விடத்தை வெறுமையாக விட்டால் மாவு எதைப் பற்றி நிற்கும்? இரண்டாம் முறை தண்ணீரைத் தாராளமாக ஊற்றிப் பலமாகப் பிசைந்தோம். இம்முறை உதிரவில்லை, பல்லுக்குத்தான் ஆபத்தாக இருந்தது. மைதா நீரோடு சேர்ந்து அழுந்தப் பிசையப்படும்போது கோதுமைப் பசை முறுக்கேறிவிடும். பரோட்டாவுக்கு அது வேண்டும்; பிஸ்கோத்துக்கு ஆகாது.

வழிகாட்டியவர் ஆன்ட்டியேதான். கஸ்டர்டு பவுடர் போட்டுப் பாருங்கள் என்றார். இங்கே ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் ஆல்பிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. மனைவியும் கஸ்டர்டு உண்ண வேண்டும் என்பதற்காக, முட்டைக்குப் பதிலாகச் சோளமாவைக் கொண்டு 1837-ஆம் ஆண்டு அவர் அமைத்ததே கஸ்டர்டு பவுடர். அவ்வம்மையாருக்கு ஈஸ்ட்டும் ஆகாது. எனவே சில ஆண்டுகள் கழித்து பேக்கிங் பவுடரையும் ஆக்கினார். ஒரு வீட்டில் ஒருவருக்கு ஒவ்வாத பொருளை விலக்கிவிட்டுச் சமைத்ததனால் உலகம் முழுவதற்கும் இரண்டு டப்பாக்கள் கிடைத்தன. முட்டையில்லாத எக்நாக் என்பது முரண் அன்றோ என்று எங்கள் மகன் கேலி செய்தான். அவனுக்கு இந்தக் கதையைத்தான் விடையாகச் சொன்னோம்.

இனிச் செய்முறை. 125 கிராம் வெண்ணெயை எடுத்துக்கொள்க. சென்னையில் வெண்ணெய் எந்நாளும் குழைந்தே இருக்கும். கல்கத்தா டிசம்பரில் கல்லாய் உறைந்திருக்கும். ஆதலால் காலை வெயிலில் சற்றே வைத்து எடுங்கள்; உருகவிட வேண்டாம். அதனோடு பொடித்த சர்க்கரை 90 கிராம் சேர்த்து, நிறம் வெளுத்து இலேசாகும்வரை மரக்கரண்டியால் தேய்க்க வேண்டும். அவசரப்படாதீர்கள், காற்று புகுவது இந்தத் தேய்ப்பில்தான். மைதா 200 கிராம், கஸ்டர்டு பவுடர் 50 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, புதிதாக உரசிய சாதிக்காய் கால் தேக்கரண்டி ஆகியவற்றை ஒன்றாகச் சலித்து வெண்ணெயோடு கலக்குக. சாதிக்காயைக் கூட்டாதீர்கள், அளவு மீறினால் தலை சுற்றும். காய்ச்சி ஆறிய பாலை மேசைக்கரண்டியால் ஒன்று, இரண்டு, வேண்டுமானால் மூன்று என்று விட்டு, மாவு திரண்டதும் நிறுத்திவிடுக. பிசைதல் கூடாது, திரட்டுதல் போதும். முட்டை உண்போர் ஒரு மஞ்சட்கருவைச் சேர்த்துக்கொண்டு பாலை ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளலாம்.

மாவை மூடி அரைமணி நேரம் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பின்னர் கால் அங்குலக் கனத்தில் தேய்த்து வடிவங்களாக வெட்டி, முன்னரே 170 டிகிரி சூடேறிய அடுப்பில் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் ஓரம் இளம்பழுப்பாகும். அதுவே பதம். வெளியே எடுக்கும்போது மெத்தென்றிருக்கும், ஆறியதும் விறைக்கும். மின்அடுப்பு இல்லாத வீட்டில் அடிகனமான பெரிய பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, அதன்மேல் முக்காலி வைத்து, மூடிச் சூடேற்றிச் சுடலாம். நேரம் சிறிது கூடும். ஈச்ச மரத்து நீரைக் காய்ச்சி எடுக்கும் நொலேன் குர் என்னும் புதுவெல்லம் இங்கே குளிர்காலத்தில்தான் கிடைக்கும். சர்க்கரையில் பாதியை நீக்கி அதனை இட்டுப் பார்த்தோம். நிறம் கறுத்தது, மணமோ நம் கருப்பட்டியை ஊருக்கே திரும்பப்போய் முகர்ந்தாற்போல் இருந்தது. எக்நாக் சுவை அதில் அமுங்கிவிட்டதென்று ஆன்ட்டி ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் இன்னும் ஒரு சூடு அவ்வாறும் சுடுகிறோம்.

பூச்சுக்கு, பொடித்த சர்க்கரை 100 கிராமுடன் பால் ஒரு மேசைக்கரண்டியளவு சிறிது சிறிதாக விட்டுக் குழைக்க வேண்டும். கரண்டியிலிருந்து மெல்ல நாடாப்போல் விழுவது பக்குவம். ரம் வேண்டுவோர் சில துளி விடலாம். வேண்டாதோர்க்கு வெனிலா எசென்சு இருக்கிறது. பிஸ்கோத்து முற்றும் ஆறும்முன் பூசினால் பூச்சு உருகி வழிந்துவிடும். நாங்கள் ஒரு தட்டு முழுவதையும் அப்படி இழந்தோம். கல்கத்தாவில் டிசம்பரின் உலர்ந்த காற்று இதற்கு நல்ல துணை. மழைக்காலத்தில் இப்பூச்சு வியர்த்துக் கசியும்.

முதல் டப்பா ஆன்ட்டி வீட்டுக்குப் போனது. அவர் ஒன்றைக் கடித்துச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மகளுக்கு எழுத வேண்டும் என்று சொல்லிக் கஸ்டர்டு பவுடரின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இரண்டாம் டப்பா, பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு. ஆன்ட்டி வீட்டு டப்பாவும் அவளுக்கே போயிற்று; இம்முறை எதிர்வீட்டிலிருந்து நேரே போயிற்று. மூன்றாவது தட்டை மாமியார் முன் வைத்தோம். எதையெதைச் சேர்த்தோம் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். சொன்னோம். ஒன்றை எடுத்து மென்றார். சாதிக்காய் கொஞ்சம் தூக்கல் என்றார். பின்னர் இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டார்.

நீங்கள் செய்து பார்ப்பதானால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். பூச்சு நன்றாகக் காய இரண்டு மணி நேரமாவது வேண்டும். அதுவரை தட்டைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எதிர்வீட்டுக்குக் கொடுக்கும் டப்பாவில் ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே வெண்காகிதம் பரப்புங்கள். இல்லாவிட்டால் நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.